சாணமா, ரசாயனமா: நூறு வருஷத்துக் கேள்வி

கும்பகோணத்தில் பாரம்பரிய அரிசிக் கடை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பாவைக் கையில் அள்ளிப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “இயற்கை உரம் போட்டதுல சத்து கூடுதலாங்க?” பசுமைப் புரட்சிக்குப் பிறகு வந்த கேள்வி என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். யூரியா மூட்டை டெல்டாவுக்கு வந்து இறங்குவதற்கு ஒரு தலைமுறை முன்பே இதைக் கோயம்புத்தூரில் சோதித்திருக்கிறார்கள்.

அங்கே வேளாண் கல்லூரிப் பண்ணையில் 1909-இல் நிரந்தர உர வயல் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு துண்டுக்குத் தொழு உரம், ஒன்றுக்கு ரசாயன உரம், இன்னொன்றுக்கு எதுவுமே கிடையாது. வருஷா வருஷம் அந்தந்த நிலத்துக்கு அதே கவனிப்பு. கோயம்புத்தூரில் வேளாண் வேதியியல் பார்த்த பி. விஸ்வநாத்தும், குன்னூரில் சத்துக்குறைவு நோய்களை ஆராய்ந்த டாக்டர் ராபர்ட் மெக்கரிசனும் சேர்ந்து, உரம் மாறினால் தானியத்தின் சத்தும் மாறுமா என்று பார்த்தார்கள். எடுத்துக்கொண்டது நெல் அல்ல, சிறுதானியமும் கோதுமையும். தொழு உரத்தில் விளைந்ததில் வைட்டமின் கூடுதல் என்று 1926-இல் எழுதினார்கள். இங்கிலாந்தில் இயற்கை வேளாண்மை பேசிய முன்னோடிகள் மெக்கரிசனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரிசியின் கதை ஜாவாவில் தொடங்கியது. தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதை 1890-களில் பார்த்தவர் டச்சு மருத்துவர் எய்க்மான். தவிட்டோடு கொடுத்தால் எழுந்து நடந்தன. மனிதர்களுக்கு இதேபோல் வரும் பெரிபெரி நோய்க்கும் மருந்தான அந்தப் பொருளை, அதே 1926-இல், ஜாவாவிலேயே யான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள். இன்று தயமின் என்கிறோம். நம் பக்கம் புழுங்கல் சாப்பிட்டவர்கள் இந்த நோய்க்குப் பெரும்பாலும் தப்பினார்கள்: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் உள்ளே இறங்கிவிடுகிறது.

தவிட்டில் இன்னும் பல இருந்தன. 1950-களில் ஜப்பானியர்கள் தவிட்டு எண்ணெயில் ஒரைசனால் என்ற பொருளைக் கண்டார்கள். கருப்புக் கவுனிக்குக் கருமை தரும் ஆந்தோசயனின், மாப்பிள்ளைச் சம்பாவுக்குச் சிவப்புத் தரும் புரோஆந்தோசயனிடின் எல்லாம் மேல்தோலோடு ஒட்டியவை. வெள்ளை அரிசி ரகத்தில் இந்தச் சாயங்கள் அநேகமாக இல்லை. எந்த உரம் போட்டாலும் அது கவுனியாகாது.

அப்படியானால் உரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் பயிர் மளமளவென்று வளரும். பூச்சியையும் நோயையும் எதிர்க்கத் தானே தயாரித்துக்கொள்ளும் பீனாலிக் பொருள்களை (மேலே சொன்ன சாயங்களும் இந்த வகைதான்) குறைத்துக்கொள்ளும். தொழு உரம் தழைச்சத்தை மெதுவாகத்தான் விடும். பல பயிர்களைப் பற்றிய 343 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் வருஷக் கட்டுரையும், இயற்கை விளைச்சலில் இவ்வகைப் பொருள்கள் சராசரியாகக் கூடுதல் என்றுதான் சொன்னது. நெல்லில் மட்டும் பார்த்தால் முடிவு ஒரே மாதிரி வருவதில்லை. ரகமும் மண்ணும் அந்த வருஷத்து வெயிலும் உரத்தோடு போட்டிபோடுகின்றன.

அதனால் கடையில் நான் சொல்லும் வரிசை இது: முதலில் என்ன ரகம், அடுத்து மில்லில் எவ்வளவு தீட்டினார்கள், மூன்றாவதாக என்ன உரம். பளபளவென்று பாலிஷ் போட்ட இயற்கைப் பொன்னிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் மண்ணுக்காகவும் பூச்சிமருந்து தெளிக்காத வயலுக்காகவும் கொடுக்கலாம், நியாயம்தான். தவிட்டுச் சத்துக்காகக் கொடுக்கிறார் என்றால், அந்தச் சத்து மாட்டுத்தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் ஏற்கெனவே போயாகிவிட்டது.