நாயின் முழங்காலில் ஒரு கோணம்: சத்திரசிகிச்சைக்கு முன் எக்ஸ்ரேயில் எதை அளக்கிறார்கள்?

வீட்டு நாய் பின்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினால், 'சுளுக்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்பதுதான் எங்கள் இலங்கைத்துறைப் பக்கம் முதலில் கிடைக்கும் பதில். நொண்டல் வாரக்கணக்கில் நீடித்தால் அது சுளுக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. வளர்ந்த நாய்களில் இதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று, முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குப் பந்தகம் அறுந்துபோவது.

சாய்வுதான் சிக்கல்

நாய் நிற்கும்போதும் அதன் முழங்கால் மடிந்தே இருக்கும். கணைக்கால் எலும்பின் மேற்பரப்பும் பின்னோக்கிச் சரிந்திருக்கும். இந்தச் சரிவு பெரும்பாலான நாய்களில் 25 பாகைக்கு அண்மையில் இருக்கிறது. மனிதரில் இதைவிட மிகக் குறைவு. உடல் எடை இறங்கும்போது தொடையெலும்பு பின்னால் வழுக்க, கணைக்கால் எலும்பு முன்னால் தள்ளப்படும். அதைத் தடுத்துப் பிடிப்பது அந்தப் பந்தகம். நாய்களில் இது பெரும்பாலும் ஒரே விபத்தில் அறுவதில்லை, நாளடைவில் நைந்து அறுகிறது. அதனால்தான் பல நாய்களுக்குப் பின்னர் மறுகாலிலும் இதே நிலை வருகிறது.

அமெரிக்க மிருக வைத்தியர் பார்க்லே ஸ்லோகம் 1993இல் விவரித்த சத்திரசிகிச்சையில் பந்தகம் தைக்கப்படுவதில்லை. கணைக்கால் எலும்பின் மேற்பகுதியை வளைந்த வாளால் அறுத்து, சுழற்றி, தகடும் திருகாணிகளும் கொண்டு பொருத்துகிறார்கள். சாய்வு ஏறத்தாழ 5 பாகைக்குக் குறைந்தால், பந்தகம் இல்லாமலே மூட்டு நிலைத்து நிற்கும்.

மூன்று கோடுகள்

எவ்வளவு சுழற்றுவது என்பதை எக்ஸ்ரேதான் சொல்கிறது. பக்கவாட்டுப் படத்தில் முழங்கால் மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் மூட்டின் நடுவுக்கு ஒரு கோடு போடுகிறார்கள். அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. கணைக்கால் எலும்பின் மேற்பரப்பை ஒட்டி மூன்றாவது. கடைசி இரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே சாய்வு. 25 பாகை சாய்வை 5 ஆக்க 20 பாகை சுழற்ற வேண்டும். 24 மில்லிமீட்டர் ஆரையுள்ள வாளால் அறுத்தால், எலும்பு நகர வேண்டிய தூரம் 8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

குறைவாகச் சுழற்றினால் மூட்டு தொடர்ந்து வழுக்கும். அதிகமானால் பின் குறுக்குப் பந்தகத்தில் பாரம் ஏறும். ஒரே படத்தை இருவர் அளந்தாலே சில பாகைகள் வேறுபடலாம் என்பதால், படம் சரியாக இருப்பது முக்கியம்.

நல்ல படம் எது?

இலங்கைத்துறையிலிருந்து வாகனம் பிடித்துப் போய் எங்கள் நாய்க்கு எடுத்த முதல் படத்தில் முழங்கால் மட்டுமே இருந்தது. கணுக்கால் இல்லாததால் முதல் கோட்டையே போட முடியவில்லை. மறுபடி மயக்கமருந்து, மறுபடி செலவு. ஆகவே, படம் எடுக்கும் முன்பே கேட்க வேண்டியவை இவை:

- முழங்காலும் கணுக்காலும் ஒரே படத்தில் விழுமா?
- தொடையெலும்பின் இரு குமிழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியுமா? இரண்டாகத் தெரிந்தால் கால் திரும்பியிருக்கிறது, கோணமும் பிசகும்.
- அளவு தெரிந்த உலோகக் குண்டு எலும்பின் மட்டத்தில் வைக்கப்படுமா? எக்ஸ்ரேயில் எலும்பு சற்றுப் பெரிதாகவே விழும். வாளையும் தகட்டையும் தெரிவு செய்ய உண்மை அளவு வேண்டும்.
- நாய்க்கு மயக்கமருந்து கொடுக்கப்படுமா? வலியில் காலை இழுக்கும் நாயைச் சரியாகக் கிடத்த முடியாது.

படத்தின் மூல டிஜிட்டல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். திரையைக் கைத்தொலைபேசியால் சரிவாகப் பிடித்து அனுப்பினால் கோணம் மாறிவிடும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்குக் கிழக்கிலிருந்து நோயுற்ற நாயைக் கொண்டுபோவது ஒரு நாள் பயணம். கோப்பை முன்கூட்டியே அனுப்பி அபிப்பிராயம் கேட்டால், அந்தப் பயணம் தேவையா என்பதாவது தெரியும்.

எல்லா நாய்க்கும் வாள் தேவைப்படாது. சிறிய, எடை குறைந்த நாய்கள் சில, ஓய்வாலும் எடைக் குறைப்பாலும் தேறுகின்றன. பெரிய நாய்களில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்ததை எந்தச் சத்திரசிகிச்சையும் திருப்பித் தராது.