ஒரே பந்து, வேற வேற கப்

இன்னைக்கு நாம போகப்போறது 1906 பிப்ரவரி, பம்பாய். ஐரோப்பியர்கள் டீமுக்கும் இந்துக்கள் டீமுக்கும் மேட்ச். அங்கே அப்போ கிரிக்கெட் கிளப்புகளே இனம், மதம் பார்த்துப் பிரிஞ்சுதான் இருந்துச்சு.

இந்துக்கள் டீம்ல ஒரு இடதுகை ஸ்பின்னர், பல்வாங்கர் பாலு. தோல் தொழில் செய்த சமார் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரங்க கிளப்ல மாசம் 4 ரூபாய் சம்பளத்துக்கு பிட்ச் உருட்டுற வேலை, நெட் கட்டுற வேலை. ஜே.ஜி. கிரேக்னு ஒரு இங்கிலீஷ் பேட்ஸ்மேன் பயிற்சி எடுக்கும்போது மணிக்கணக்கா பந்து போட்டார். ஆனா பாலு கையில பேட் மட்டும் யாரும் குடுக்கல. பேட்டிங் துரைமாருக்கு, பவுலிங் வேலைக்காரனுக்கு. அவ்வளவுதான் கணக்கு.

அவர் திறமையைப் பார்த்த புனே இந்துக்கள் கிளப், பெரிய வாக்குவாதத்துக்கு அப்புறம் அவரைச் சேர்த்துக்கிச்சு. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டாங்க. டீ இடைவேளை வந்தா கதையே வேற. மத்தவங்களுக்குப் பீங்கான் கப். பாலுவுக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, குடிச்சதும் தூக்கிப்போடுற மண் குவளை.

சரி, மேட்சுக்கு வருவோம். முதல்ல இந்துக்கள் 242. ஐரோப்பியர்கள் 191. அதாவது 51 ரன் முன்னிலை. ரெண்டாவது இன்னிங்ஸ்ல இந்துக்கள் 160-க்கு ஆல் அவுட். இலக்கு 212. எட்டிப்பிடிக்கிற ஸ்கோர்தான். ஆனா பாலுவோட சுழல் முன்னாடி வெள்ளைக்காரங்க நிக்கல. 102-ல சுருண்டாங்க. 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி! யாரோட நெட்ல கூலிக்குப் பந்து போட்டாரோ, அந்த வெள்ளைக்காரங்க டீமையே சாய்ச்சிட்டார்.

'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' பத்திரிகை ஸ்கோரைத் தாண்டிப் பார்த்துச்சு. பாலுவையும் அவர் தம்பி ஷிவ்ராமையும் டீம்ல சேர்த்ததையே சமூக முன்னேற்றம்னு பாராட்டுச்சு.

அதோட எல்லாம் மாறிடுச்சா? இல்லை. 1911-ல் இங்கிலாந்து போன இந்திய டீமுக்காக நூறு விக்கெட்டுக்கு மேல எடுத்தும், இந்துக்கள் டீமுக்கு பாலு கடைசிவரை கேப்டன் ஆகல. 1923-ல்தான் அவரோட இன்னொரு தம்பி விட்டலுக்கு அந்தப் பதவி கிடைச்சுது.

ஜெயிக்கணும்னா அவர் வேணும், தலைமைக்கு மட்டும் வேண்டாம். இந்த மனசு 1906-லேயே முடிஞ்சுபோச்சா? உங்க ஆபீஸையும் உங்க தெரு டீமையும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!