இயந்திரத்தின் கண்ணும் செவிலியரின் கையும்

சில வாரங்களுக்கு முன் படப்பையில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது கண் சிகிச்சை முகாம் பற்றிய துண்டறிக்கை ஒன்று எங்கள் கைக்கு வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைப் பரிசோதனை இலவசம் என்றிருந்தது. தாம்பரம் வந்து சேரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கும். நோயாளி உணர்வதற்குள் பார்வை பறிபோய்விடக்கூடும். முன்கூட்டியே படமெடுத்துக் கண்டறியலாம். ஆனால் படங்களைப் படித்துச் சொல்லப் போதிய மருத்துவர்கள் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே செயற்கை நுண்ணறிவு. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை பெரும் கவனம் பெற்றது. இயந்திரம் கற்றுக்கொண்ட படங்கள் 1,28,175. அவற்றை 3 முதல் 7 முறை பார்த்துத் தரம் பிரித்தவர்கள் 54 மருத்துவர்கள். அமெரிக்கப் படங்களோடு, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் சேர்ந்திருந்தன. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த். ஆக, இயந்திரத்தின் பார்வை நம்மவர் விழிகளிலிருந்தும் கடன் வாங்கியதே.

2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இவ்விரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் இயந்திரம் சோதிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற மனிதருக்கு அது சளைக்கவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் வெற்றிக் கதைதான்.

ஆனால் தாய்லாந்தில், 2018 இறுதி முதல் 2019 வரை, எம்மா பீட் குழுவினர் 11 மருத்துவ நிலையங்களுக்கு நேரில் சென்று செவிலியரின் அருகிலிருந்து கவனித்தனர். விழிப்பாவை நன்கு விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். அப்படி இருட்டாக்கத்தக்க தனி அறை இரண்டே நிலையங்களில்தான் இருந்தது. முதல் ஆறு மாதங்களில் அனுப்பிய 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தெளிவில்லையென்று இயந்திரம் ஏற்க மறுத்தது. இணைய இணைப்பும் அவ்வப்போது தாமதித்தது. படம் மறுக்கப்பட்ட நோயாளி வேறொரு நாள், வேறோர் ஊரிலுள்ள நிபுணரைத் தேடிச் செல்ல வேண்டும். வேலையை விட்டு, செலவு செய்து. அதை அவரிடம் எடுத்துச் சொல்லும் சுமை செவிலியர்மீது விழுந்தது.

துல்லியத்தை அளக்கும் எண்களில் இச்சுமைக்கு இடமில்லை. அருகில் அமர்ந்து பார்த்தவர்களுக்கே அது புலப்பட்டது. 2020-இல் வெளியான அவர்களது கட்டுரையை, தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு திருப்பமாகவே நாங்கள் கருதுகிறோம். இயந்திரம் சரியா என்று கேட்பதோடு நில்லாமல், அதனுடன் வேலை செய்பவர் படும் பாடு என்ன என்றும் கேட்ட திருப்பம் அது.

ஒரகடம் பக்கம் தினக்கூலிக்குச் செல்லும் ஒருவருக்கு, 'படம் தெளிவில்லை, சென்னைக்குப் போய்ப் பாருங்கள்' என்பது ஒரு நாள் கூலி. அதை எந்தக் கணக்கில் எழுதப் போகிறோம்?