டெரியர்: வளை புகும் நாய்

நாய்களுக்குப் பெயரிட்டவர்கள் பெரும்பாலும் அவை பிறந்த பிரதேசத்தையோ, மேனியின் நிறத்தையோ, அவை துரத்தும் பிராணியையோ கருதியே பெயரிட்டிருக்க, டெரியர் என்னும் சிறு நாய்க்கோ அது தொழில் புரியும் இடமே பெயராக வாய்த்தது. லத்தீனில் ‘டெரா’ என்றால் மண். அதிலிருந்து பிறந்த பிரெஞ்சுச் சொல்லான ‘டெரியர்’, நரியும் முயலும் குடியிருக்கும் வளையைக் குறிக்கும். அவ்வளைக்குள் புகும் நாயைப் பழைய பிரெஞ்சில் ‘ஷியேன் டெரியர்’ என்று வழங்கினர். 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் குடியேறியபோது, நாயைக் குறித்த முற்பகுதி உதிர்ந்துவிட, வளையின் பெயரே நாயின் பெயராக நிலைத்தது.

‘டெரா’ என்பதையும், உலர்தல் என்னும் பொருளுடைய தொன்மையான வேரொன்றோடு மொழிநூலார் சேர்ப்பர்; நீருக்கு எதிரான உலர்ந்த தரை என்பது கருத்து. அவ்வேரிலிருந்தே வடமொழியில் ‘த்ருஷ்ணா’ தோன்றிற்று. நம் ஞான நூல்கள் ஆசையைச் சுட்டும் திருஷ்ணைக்கு முதற்பொருள் நாவறட்சியே. இங்கிலாந்தின் குன்றுச் சரிவில் மண்ணுக்குள் தலையை நுழைக்கும் நாயின் பெயரும், பெரியோர் விட்டொழிக்கச் சொன்ன திருஷ்ணையும் ஒரே வேரின் கிளைகள் என்று அறியும்போது உண்டாகும் ஆனந்தம் சொல்லாராய்ச்சிக்கே உரியது.

கேம்பிரிட்ஜில் தம் பெயரால் விளங்கும் கல்லூரியைப் புதுப்பித்து வளர்த்த வைத்தியர் ஜான் கீஸ், பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி 1570-இல் வெளிவந்த தம் லத்தீன் நூலில், இந்நாயை ‘டெரரியஸ்’ என்று குறித்து, நரியையும் பாட்ஜரையும் தேடி மண்ணுக்குள் இறங்குவது இதன் தொழில் என்கிறார். இவ்விரு பிராணிகளுள் நரி, துரத்தப்பட்டால் வளையில் ஒளிந்து, உள்ளே நெருக்கினால் மறுவாயால் வெளிப்பட்டு ஓடும் சுபாவமுடையது. பாட்ஜரோ அப்படியன்று. குட்டைக் கால்களும் நீண்ட நகங்களும், வெண்முகத்தில் கண்களின் மேலாக ஓடும் இரு கரும்பட்டைகளும் உடைய அப்பிராணி, பல தலைமுறைகளாகத் தோண்டப்பட்ட தன் சுரங்கத்தில் திரும்பி நின்று போரிடும். அதன் கீழ்த்தாடை மண்டையோட்டின் குழியில் எளிதில் பிசகாதபடி பிணைந்திருப்பதால், கடித்த பிடி லேசில் விடாது. இருளில், திரும்பவும் இடமில்லாத நெருக்கத்தில், தன்னைவிடக் கனத்த எதிரியின் முகத்துக்கு நேரே நின்று நாய் குரைத்துக்கொண்டேயிருக்க, மேலே மனிதன் தரையில் காதை வைத்து அவ்வொலியைக் கேட்டு, மண்வெட்டியை எங்கே இறக்குவது என்று தீர்மானிப்பான். ஆகவே இந்த வேட்டையில் பல்லைவிடக் குரலே பிரதானம். ஜாக் ரஸ்ஸல் என்று நாம் அறியும் இனத்துக்குத் தம் பெயரைத் தந்த டெவன் பிரதேசத்துப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், 1819-இல் ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்தபோது ஒரு பால்காரனிடம் வாங்கிய ‘டிரம்ப்’ என்னும் பெண் நாயிலிருந்து தம் வம்சத்தைத் தொடங்கியவர். நரியைக் கொல்லும் நாயையல்ல, அதை வெளியே கிளப்பும் நாயையே அவர் விரும்பினார்.

இந்த நிதானத்தை மறந்தவர்கள் செய்த கொடுமையும் சொல்லில் பதிந்துள்ளது. பாட்ஜரைப் பிடித்து வந்து பெட்டியில் அடைத்து, அதை வெளியே இழுத்துவர நாய்களை ஒவ்வொன்றாக ஏவிப் பந்தயம் கட்டினார்கள். அதன் விளைவாக, ஓயாமல் தொல்லை கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் அப்பிராணியின் பெயரே வினைச்சொல்லாயிற்று. துன்புற்ற ஜீவனின் பெயர் துன்புறுத்தும் செயலுக்குச் சூட்டப்பட்டது பெரும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். இவ்விளையாட்டை 1835-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தது; ஆயினும் பாட்ஜருக்கென்றே தனிச் சட்டம் பிறக்க 1973 வரை காலம் சென்றது. வேட்டையைத் தடுத்த 2004-ஆம் வருஷத்துச் சட்டமோ, சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளை நரியிடமிருந்து காக்க, நிபந்தனைகளோடு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு நாயை மண்ணுக்கடியில் விட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடமளித்தது.

பெயர் இதற்குள் வளையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. யார்க்ஷயரின் ஏர் நதிக்கரையில் நீர்நாய் வேட்டைக்கு வளர்த்த ஏர்டேல், எந்த நரி வளையிலும் நுழைய முடியாத உயரமுடையது. ஆயினும் டெரியர் என்றே வழங்குகிறது. பழைய பொருளைக் கைவிடாதது பார்டர் டெரியர். வளைவேட்டைக்காரர் நாயின் முன்கால்களுக்குப் பின்னே இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, விரல்கள் சந்திக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். சந்தித்தால் நரி புகும் வழியில் அதுவும் புகும். இன்று கண்காட்சியில் நிற்கும் பார்டர் டெரியர் வளை ஒன்றைக் கண்டிராவிட்டாலும், நடுவர் அதை அப்படியே இரு கைகளாலும் அளந்து பார்க்கிறார்.