சூலியா தெருவின் ஓய்வுநாள்: ஞாயிறு அடைப்பும் வணிகர் மரபும்

முன்னுரை

பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுன் நகரிலுள்ள சூலியா தெரு, மலேசியத் தமிழர் வணிக வரலாற்றின் தொன்மையான களங்களுள் ஒன்றாகும். வாரத்தில் ஒரு நாள் கடைகளை அடைத்தல் வேண்டுமா, அந்நாள் ஞாயிறாகவே இருத்தல் வேண்டுமா என்னும் வினாவிற்கு இத்தெருவைப் போல் விடை சொல்லத்தக்க இடங்கள் சிலவே. இவ்வினாவைச் சமயக் கடமை பற்றியதென்று சிலர் கருதுவர். விற்பனை பற்றியதென்று வேறு சிலர் கருதுவர். உழைப்பவரின் உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிய நேரம் பற்றியதாகவும் அஃது அமைந்துள்ளது என்பதை இத்தெருவின் வரலாற்றைத் துணைக்கொண்டு விளக்க முற்படுகிறோம்.

மூன்று புனித நாள்களின் நகரம்

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றமாக்கினார். அதன் பின்னர் முதலில் அமைந்த தெருக்களுள் ஒன்றே தமிழ் முஸ்லிம் வணிகராகிய சூலியர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் இத்தெரு. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதர் முகைதீன் என்னும் கப்பித்தான் கிளிங் நிறுவிய பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் ஆண்டவரின் நினைவாக ஒரு தர்கா எழுந்தது. சற்றுத் தொலைவில் கைதிகளின் உழைப்பால் கட்டப்பட்ட புனித ஜோர்ஜ் தேவாலயம் 1818இல் நிறைவு பெற்றது. குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயம் 1833ஆம் ஆண்டுக்குரியது. யூதர்களும் இந்நகரில் வாழ்ந்தனர். அவர்தம் இடுகாடு 1805இல் ஏற்பட்டது.

ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களையும் புனிதமாகப் போற்றியோர் நடந்து செல்லும் தொலைவிற்குள் வாழ்ந்தனர். மலாய் மொழியின் கிழமைப் பெயர்களும் இவ்வுண்மையைக் காட்டுகின்றன. சனியைக் குறிக்கும் ‘சப்து’ யூதரின் ஓய்வுநாட் பெயரோடு உறவுடைய அரபுச் சொல்லினின்று வந்தது. ஞாயிற்றைக் குறிக்கும் ‘மிங்கு’, ஆண்டவரின் நாள் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபாகும். தமிழிலோ ஞாயிறும் திங்களும் கோள்களின் பெயர்களாகவே நின்றன.

வெள்ளியின் இடைநிறுத்தம்

ஓய்வுநாள் என்னும் கருத்து எல்லாச் சமயங்களிலும் ஒன்றுபோல் அமைந்ததன்று. யூத மரபில் சனிக்கிழமை முழுநாள் ஓய்வுக்கு உரியது. அந்நாளில் வேலை செய்தல் விலக்கப்பட்டுள்ளது. திருக்குர்ஆனின் 62ஆம் அத்தியாயமோ வெள்ளித் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வணிகத்தை விட்டு விரையுமாறு பணிக்கிறது. தொழுகை முடிந்தபின் நிலத்தில் பரவி இறைவனின் அருளைத் தேடிக்கொள்ளுமாறும் கூறுகிறது. இங்கு விதிக்கப்பெற்றது இடைநிறுத்தமேயன்றி நாள் முழுவதுமான அடைப்பன்று.

தமிழ் இந்துக்களுக்கும் வெள்ளிக்கிழமை சிறப்புடையதே. அன்று கடையில் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டி வணிகம் தொடங்குவரேயன்றி, கடையை அடைப்பதில்லை. தச்சர், கொல்லர் முதலியோர் அமாவாசையில் தொழில் செய்யாதிருத்தலும், ஆயுத பூசையன்று கருவிகளுக்கு ஓய்வளித்தலும் நம் மரபில் உண்டு. எனினும் ஏழு நாளுக்கு ஒரு முறை வரும் ஓய்வு நம் முன்னோர் வகுத்த ஏற்பாடன்று எனலாம்.

ஆண்டுக்கணக்கில் வந்த ஓய்வு

1794இல் லைட் எழுதிய அறிக்கையொன்று சூலியர்களைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. ஏறத்தாழ 1,000 பேர் தீவில் நிலைத்திருந்தனர் என்றும், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து சென்றனர் என்றும் அதனால் அறிகிறோம். அவர்கள் வாணிபத்தாலும் பலவகை உழைப்பாலும் சிறிது பொருள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்ப, அவர்தம் இடத்தை வேறு சிலர் நிரப்பினர்.

இச்செய்தியில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அவ்வுழைப்பாளர்க்கு ஓய்வு என்பது வாரத்தில் வருவதாக இல்லை. ஊர் திரும்பும் பயணத்தில் வருவதாக இருந்தது. கடல் கடந்து பிழைப்புத் தேடுவதைத் தமிழ் முஸ்லிம்கள் ‘சபர்’ என்பர். சபர் முடியும் வரை கடையே வீடாகவும் வீடே கடையாகவும் இருந்த வாழ்க்கையில் நாள்களுக்கிடையே வேறுபாடு மிகுதியாக இருந்திராது.

ஞாயிறு வந்த வழி

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஞாயிறன்று நீதிபதிகளும் நகர மாந்தரும் ஓய்ந்திருக்க ஆணையிட்டார். உழவர்க்கு மட்டும் விலக்களித்தார். இங்கிலாந்தில் 1677ஆம் ஆண்டுச் சட்டம் வணிகரும் கைவினைஞரும் ஞாயிறன்று தம் வழக்கமான தொழிலைச் செய்வதைத் தடுத்தது.

1807ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தின் வழி ஆங்கிலச் சட்டம் பினாங்கிற்கு வந்தது. ஆயினும் மக்களின் சமயங்களும் பழக்கவழக்கங்களும் இடந்தரும் அளவிற்கே நீதி செலுத்த வேண்டும் என்பது அச்சாசனத்தின் நிலைப்பாடு. பினாங்கிலிருந்து சென்ற வழக்கொன்றில், ஆங்கில நாட்டின் தனிக் கொள்கையைச் சார்ந்த சில சட்டங்கள் இங்குப் பொருந்தா எனப் பிரிவி கவுன்சில் 1875இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு சமய அறக்கொடை பற்றியதாகும். எனினும் அதே அளவுகோலைக் கொண்டு நோக்கின், ஆங்கிலேயரின் ஞாயிறுச் சட்டத்தைச் சூலியா தெருக் கடைக்காரர்மீது சுமத்துதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

எனவே இத்தெருவிற்கு ஞாயிறு தேவாலயத்தின் வழியாக வரவில்லை. அலுவலகத்தின் வழியாக வந்தது எனலே பொருந்தும். நீதிமன்றமும் வங்கியும் அரசு அலுவலகமும் மூடியிருக்கும் நாளில் மொத்த வணிகரின் பணிகளுட் பல தாமே நின்றுவிடும். சில்லறை விற்பனைக்கோ அத்தடையில்லை.

உழைப்பாளர் உரிமையாதல்

ஞாயிறு ஓய்வு உழைப்பாளரின் உரிமையாக மாறிய வரலாற்றில் பம்பாய்க்குத் தனியிடம் உண்டு. நாராயண் மேகாஜி லோக்கண்டே என்னும் தொழிலாளர் தலைவர் 1884 முதல் ஆலைத் தொழிலாளர்க்கு வார விடுமுறை வேண்டிப் போராடினார். 1890 சூன் 10இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். ஞாயிறு கண்டோபா வழிபாட்டிற்குரிய நாள் என்பதும் அக்கோரிக்கைக்குத் துணையாயிற்று. கிறித்தவ ஆட்சியாளரின் புனித நாளை, இந்துத் தொழிலாளர் தம் தெய்வத்தின் பெயராலும் தம் உடலின் பெயராலும் உரிமையாக்கிக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

1947ஆம் ஆண்டுச் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடைகளை வாரத்தில் ஒரு நாள் முழுவதும் அடைக்க விதித்தது. அந்நாளைத் தெரிந்தெடுத்து அறிவிப்புப் பலகையில் காட்டும் பொறுப்பைக் கடைக்காரரிடமே விட்டது. மலாயாவில் கடை, உணவகம், திரையரங்கு ஆகியவற்றில் பணிபுரிவோர்க்கென 1950இல் வார விடுமுறைச் சட்டம் தோன்றியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்திற்கு ஒரு முழுநாள் ஓய்வை உறுதி செய்து, அந்நாளைத் தீர்மானிக்கும் உரிமையை முதலாளிக்கு அளித்தது. இச்சட்டங்களில் நாளின் பெயர் முதன்மை பெறவில்லை; ஓய்வே முதன்மை பெற்றது. தமிழ்நாட்டில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்க 2019இல் இசைவளிக்கப்பட்டபோதும், பணியாளரின் சுழற்சி விடுமுறை காக்கப்பட்டது.

பொது நாளின் தேவை

அவ்வாறாயின் ஆளுக்கொரு நாள் ஓய்வு கொடுத்தால் போதுமன்றோ எனலாம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் வரலாறு ஓர் எச்சரிக்கை தருகிறது. சோவியத் ஒன்றியம் 1929இல் ஆலைகள் இடைவிடாது இயங்கும் பொருட்டு ஐந்து நாள் சுழற்சியைக் கொணர்ந்து, தொழிலாளர்க்கு வெவ்வேறு ஓய்வுநாள்களை வகுத்தது. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள் என அமைந்த ஓய்வு குடும்பத்தைக் கூட்டவில்லை. 1940இல் ஏழுநாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் மீண்டன. இலங்கை 1966இல் ஞாயிற்றை விடுத்துப் போயா நாள்களை வார விடுமுறையாக்கியது. நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு மாறிய அந்நாள்கள் உலக வணிகத்தோடு இயையாமையால் 1971இல் பழைய முறைக்குத் திரும்பியது.

மலேசியாவிலும் இச்சிக்கல் உண்டு. பினாங்கின் அண்டை மாநிலமாகிய கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஜொகூர் 2014இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 சனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மீண்டது. விடுமுறை நாள் எதுவாயினும், பலர்க்கும் பொதுவாக இருந்தாலன்றி உறவு பேணவோ, திருமணம், இலக்கியக் கூட்டம், தமிழ் வகுப்பு ஆகியன நடத்தவோ இயலாது. இதனை ஆசிரியர்கள் நன்கறிவர்.

இன்றைய தெரு

2008 சூலை 7இல் ஜோர்ஜ் டவுன் உலக மரபுடைமைத் தகுதி பெற்றது. தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்த இன்றைய சூலியா தெருவிற்கு வார இறுதியே அறுவடைக்காலம். வெளிநாட்டுத் தொழிலாளர் தம் ஓய்வுநாளாகிய ஞாயிறன்று சுற்றியுள்ள கடைத்தெருக்களுக்கு வந்து பொருள் வாங்குவர். ஊருக்குப் பணம் அனுப்புவர். ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் மிகுவேலையாகிறது. எல்லாக் கடைகளையும் ஞாயிறன்று அடைத்தால், ஓய்வு பெற்றவர் அவ்வோய்வைப் பயன்கொள்ள இடமிராது. திறந்தே வைத்தால், பரிமாறுபவரும் கல்லாவில் இருப்பவரும் தம் பிள்ளைகளுக்குப் பள்ளியில்லாத நாளில் வீட்டில் இரார்.

மேலும் சட்டம் பணியாளருக்கே ஓய்வை உறுதி செய்கிறது. 2023 முதல் வார வேலைநேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தமையும் அவர்க்கே உரியது. தன் கடையில் தானே உழைக்கும் சிறுவணிகரும் அவர்தம் மனைவி மக்களும் இக்காப்பிற்கு வெளியே நிற்கின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஒரு சமயத்தின் நாளைச் சட்டத்தால் அனைவர்க்கும் விதித்தல் இத்தெருவின் மரபன்று என்பது தெளிவு. அதே வேளையில், ஓய்வில்லாது உழைத்தலே நம் வணிக மரபு எனப் பெருமை கொள்ளுதலும் தகாது. ஊர் திரும்பும் வரை ஓயாதிருந்தமை சூலியரின் விருப்பத்தால் நேர்ந்ததன்று; குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்த நிலையின் விளைவாகும். இன்று குடும்பம் அக்கடையின் மாடியிலோ அடுத்த பேட்டையிலோ வாழ்கிறது. ஆதலின் கதவடைப்பையும் ஓய்வையும் ஒன்றெனக் கொள்ளாது, கடை திறந்திருப்பினும் ஒவ்வொரு பணியாளருக்கும் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறுகளேனும் குடும்பத்தோடு கழியுமாறு முறைவைத்தல் நடைமுறைக்கு ஏற்றதாகும். வெள்ளியின் இடைநிறுத்தத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேணிவரும் தெருவிற்கு இஃது அரிய செயலன்று.