ஜாமீன், பிணை, கெடு

சேத்தூர் ஜமீன் இருந்த மாவட்டம் எங்கள் விருதுநகர். ஜமீன், ஜாமீன் இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி போலத்தான் ஒலிக்கும். ஆனால் உறவே கிடையாது. ஜமீன் பாரசீகச் சொல். நிலம் என்று பொருள். ஜாமீன் அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. மூலத்தில் அது ‘ஜாமின்’, அதாவது இன்னொருவருக்காகப் பொறுப்பேற்கும் ஆள். விடுவிப்புக்கு உருதுவில் ‘ஜமானத்’ என்று வேறு சொல் உண்டு. தமிழோ ஆளின் பெயரை விடுவிப்புக்குச் சூட்டிவிட்டது. பிறகு ஆளுக்குப் பெயர் இல்லாமல் போகவே, ஜாமீன்தாரர் என்றோம்.

பிணை நம் சொல். பிணைத்தல் என்றால் சேர்த்துக் கட்டுதல். களத்தில் சூடு மிதிக்கக் கட்டிய மாடுகளுக்குப் பிணையல் என்று பெயர். கட்டைச் சொல்லும் சொல் கட்டு அவிழ்வதற்கு எப்படிப் பெயரானது? ஒருவர் வெளியே வர, இன்னொருவர் தன்னைக் கட்டிக்கொள்கிறார். பழந்தமிழில் புணை என்றொரு சொல்லும் உண்டு. தெப்பம் என்பது அதன் பொருள். ஈட்டுக்கும் அதுவே பெயர். ஆற்றில் போகிறவனுக்குக் கிடைத்த மிதவை! எனக்குப் பிணையைவிட இது பிடிக்கிறது.

இவ்வளவு வளமுள்ள மொழியில் ஒரு பிணைக்கு மட்டும் சரியான பெயர் அமையவில்லை. நீதிமன்ற வராண்டாவில் அதை ‘டீஃபால்ட் பெயில்’ என்கிறார்கள். வங்கிக்குப் போய்வந்த காதுக்கு டீஃபால்ட் என்றால் கடன் வாங்கியவர் தவறியது. கைபேசி பார்த்த கண்ணுக்குத் தானாக அமைந்தது. இரண்டும் இங்கே பொருந்தாது. தவறியது காவல்துறை. பிணையும் தானாக வராது, கேட்டால்தான் வரும்.

மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ மேலோ சிறை என்ற குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், பிணை கேட்கிறவரை விட்டாக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) சொன்னதை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187 சொல்கிறது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த உரிமை இல்லை. 1974-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் கொடுத்தது.

பக்கத்து மதுரை மாவட்டத்துச் சமயநல்லூர் வழக்கு இதற்கு உரைகல். திருட்டு வழக்கில் 2020 பிப்ரவரியில் கைதானவர் 73 நாளாகியும் குற்றப்பத்திரிகை வராததால் பிணை கேட்டார். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கால வரம்புகளை நீட்டியிருந்தது. அந்த நீட்டிப்பு இந்தக் கெடுவுக்குப் பொருந்தாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மே 8-இல் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்திருந்தார். மூன்று நாள் கழித்து இன்னொரு நீதிபதி பொருந்தும் என்று சொல்லிச் சமயநல்லூர் மனுவைத் தள்ளினார். ஜூன் 19-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து பிணை கொடுத்தது. நோய்த்தொற்றுக் காலத்திலும் கெடு கெடுதான் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது.

கெடு! கடன் கொடுத்தவர் வைப்பதும், ஊர்க்கூட்டம் வைப்பதும் அதுதானே. ‘கெடு கடந்த பிணை’ என்று சொல்லிப் பாருங்கள். தவறியது யார் என்பது உடனே விளங்கும். சிவகாசிப் பக்கம் அது விளங்கியாக வேண்டும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் போர்மேன் கைது என்று செய்தி வரும். அவர் ஜாமீனில் வந்துவிட்டால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வழக்கே முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடியவில்லை அம்மா, வழக்கு நடக்கும். கெடு கடந்து வந்த பிணை என்றால், உங்கள் கோபம் குற்றப்பத்திரிகையைத் தாமதித்தவர்மேல் போகட்டும்.

உள்ளே இருப்பவரின் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் இந்த உரிமை போய்விடும். நாடு முழுக்கப் போகும் காலண்டரை அச்சடிக்கிற ஊர் நம்முடையது. ரிமாண்ட் ஆன நாளை முதல் நாளாக வைத்து அதில் எண்ணி வாருங்கள். 60 நாள் வழக்கென்றால், 61-ஆம் நாள் காலையில் மனு நீதிமன்றத்தில் இருக்கட்டும். ஜாமீன்தாரர்களையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.