யாரைக் காத்தது அந்தக் கோட்டை?

கோட்டை என்றால் காவல். யாருக்குக் காவல் என்ற கேள்வியைத்தான் நம் பாடப்புத்தகங்கள் கேட்பதில்லை. என் ஊர்ப் பெயரிலேயே கோட்டை இருக்கிறது: தேனி மாவட்டம், மார்க்கையன்கோட்டை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்வயல்களுக்கு நடுவே வளர்ந்த நான், போருக்கென்றே கட்டிய ஒரு கோட்டையை ஏறிப் பார்த்தது கடல் கடந்து பினாங்கில்.

பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் பத்து மாவுங் என்ற குன்று. அதன்மேல் 1930களில் ஆங்கிலேயர் கட்டிய கடற்காவல் கோட்டை காடு மண்டிக் கிடந்து, 2002இல் போர் அருங்காட்சியகமானது. புழுக்கத்தில் வியர்வை வழிய ஏறினேன். பாசி படர்ந்த பீரங்கி மேடை, பூமிக்கடியில் குண்டுக்கிடங்கு, குனிந்தும் தவழ்ந்தும் போகவேண்டிய சுரங்கப் பாதைகள். சிப்பாய் எங்கே படுத்தான், குண்டு எங்கே இருந்தது என்பதெல்லாம் தெரிகிறது. பெண்கள் இருந்த தடயம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் இந்தக் கோட்டையின் கதையே பெண்களைப் பற்றியதுதான். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 11ஆம் தேதி ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தது. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த கூட்டமும் அதில் சிக்கியது. 13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் ஓசைப்படாமல் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் படையும் போய்விட்டது. தமிழ்ப் பெண்கள், சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள் யாருக்கும் படகு இல்லை. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் காப்போம் என்ற புகழ்பெற்ற நாகரிகத்தில் ‘பெண்கள்’ என்ற சொல்லுக்குத் தோல்நிறம் இருந்தது.

சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாக வானொலியில் பேசினார். கைவிடப்பட்ட ஆசியர்கள் அவர் கணக்கில் மக்களே இல்லை. கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி, ஊரில் எதிர்ப்பு இல்லை, குண்டு போடாதீர்கள் என்று ஜப்பானியருக்கு வானொலியில் அறிவித்தவர் பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். அந்தக் கொடி இறங்கியது நகரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டையில். குன்றின்மேல் இருந்த கோட்டை ஊரைக் காக்கவே இல்லை.

அதற்குப் பின் வந்த மூன்றரை ஆண்டுகளைப் பெண்கள் எப்படிக் கடந்தார்கள்? ஜப்பானிய ராணுவம் பினாங்கிலும் ‘ஆறுதல் நிலையங்கள்’ என்ற பெயரில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது. தோட்டங்களில் ரப்பருக்குச் சந்தை போய், கூலியும் போனது. பழைய மதுரை, தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்களின் ஆண்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. சில முகாம்களில் பெண்களும் குழந்தைகளும்கூட இருந்தார்கள். தோட்டத்தில் எஞ்சிய பெண்கள் மரவள்ளிக் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். ரயில்பாதையில் இறந்த நேசநாட்டுக் கைதிகளில் சுமார் 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் உண்டு. பல்லாயிரக்கணக்கில் இறந்த ஆசியத் தொழிலாளிகளுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. கணவன் செத்தானா, திரும்புவானா என்று தெரியாமல் காத்திருந்தவளுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

துப்பாக்கி ஏந்திய பெண்களும் இருந்தார்கள். 1943 ஜூலையில் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவானது. அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் தொடங்கியது. படையில் பெரும்பாலோர் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். படித்த குடும்பங்களிலிருந்து போன ஜானகி தேவர், ராசம்மா பூபாலன் போன்றவர்களின் பெயர் நமக்குத் தெரியும். ஜானகி பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரும் ஆனார். பால்மரம் சீவிய கையால் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. படையின் எண்ணிக்கையை 500 என்பாரும் உண்டு, 1,000 என்பாரும் உண்டு. பீரங்கியின் குழல் விட்டத்தை அங்குலக் கணக்கில் குறித்துவைத்த வரலாறு, இந்தப் பெண்களைத் தலையெண்ணக்கூட இல்லை. பெண் வரலாறு என்று நாம் எழுதும்போதும் எழுதத் தெரிந்தவர்களின் வரலாறே மிஞ்சுகிறது. சாதியும் வர்க்கமும் அங்கேயும் வேலை செய்கின்றன.

கான்கிரீட் நிற்கும். மரவள்ளிக் கொல்லை நிற்காது. எது இடிபாடாக எஞ்சுகிறதோ அதையே வரலாறு என்று நம்பினால், உழைத்துக் காத்தவர்கள் எப்போதும் விடுபட்டுப் போவார்கள். இது மலாயாவுக்கு மட்டும் பொருந்துவதில்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடிவதற்குமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களும் நாளைக்கு விட்டுச்செல்ல ஒரு கட்டடமும் இல்லாதவர்கள்.

மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில், தெருவில் மலாயா, பர்மா, இலங்கை போய்த் திரும்பிய வீடு இருந்தால், அங்கே வயதான பெண்களிடம் கேளுங்கள். அவர்களுடைய அம்மாவும் பாட்டியும் அந்தக் காலத்தில் என்ன சமைத்தார்கள், யாரை இழந்தார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்று. பெயரோடும் ஊரோடும் எழுதிவையுங்கள்.